மலைக்குச் சைக்கிளில் போக ஒரு திட்டம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

நோன்புப் பெருநாள் கழிந்து பாடசாலை தொடங்க முன் கிடைக்கும் நாட்களில், இன்ஷா அல்லாஹ், நானும் மகனும் சைக்கிளோடு ஹட்டன் பக்கம் போகப் போகிறோம். காசல்ரீ, மவுசாக்கலை ஏரிகளைச் சுற்றி மூன்று நாள். உயர்தரம் எழுதி முடித்துவிட்டு இருக்கும் மகனின் ஆசை இது. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்து சைக்கிளுக்கு மாறியவன் நான். பெற்றோல் வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. சீனி வருத்தமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் கல்முனையில் மலை ஏது? எதிர்காற்றுத்தான் எங்கள் மலை. பின்னேரங்களில் ஒலுவில் பக்கம் காற்றுக்கு எதிராக மிதித்துப் பழகுகிறோம். கியர் இல்லாத என் பழைய லுமாலா மலைக்குச் சரிவராது என்பதால், கியரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள பழைய மவுண்டன் பைக் ஒன்றை வாங்கினோம். மகனிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது.

திட்டம் இதுதான். முதல் நாள் பட்டா லொறியில் சைக்கிள்களை ஏற்றி, அம்பாறை, மகியங்கனை, கண்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன். இரண்டாம் நாள் டிக்கோயாவிலிருந்து காசல்ரீ ஏரியோரமாக நோர்வூட். வழியில் 1878 இல் கட்டிய வார்லி தேவாலயம் ஏரியைப் பார்த்தபடி நிற்கும். மூன்றாம் நாள் மஸ்கெலியா, மவுசாக்கலை. பழைய மஸ்கெலியா நகரம் அந்த ஏரிக்கு அடியில்தான் இருக்கிறது. வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோவிலின் இடிபாடு வெளியே தெரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் மழை விடாது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். மார்ச் கடைசியிலும் பின்னேரத்தில் இடியோடு கொட்டும், ஆகவே காலையிலேயே ஓடி முடித்துவிட வேண்டும். டிசம்பர் போயா முதல் வெசாக் வரை பாவா ஆதம் மலைக்குச் சனம் போகும் காலம். போயா நாளிலும் சனி ஞாயிறிலும் நல்லதண்ணி றோட்டில் பஸ்ஸும் வேனும் நிறைந்திருக்கும். அந்த நாட்களைத் தவிருங்கள். தோட்டத்துக்குள் போகும் பாதைகள் பொது வீதிகள் அல்ல, நிருவாகத்திடம் கேட்டுவிட்டே போக வேண்டும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடி குறையும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விசயம்.

ஒரு நாள் இரவு மகன் ஃபோனில் செய்மதிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாப்பா, இதப் பாருங்க. செம பாதை. மேல லயத்துல இருந்து கீழ றோட்டு வரைக்கும் ஒரே இறக்கம். இதத்தான் நாம ஓடணும்" என்றான். தேயிலைக்கு நடுவே நூல் மாதிரி ஒரு ஒற்றையடிப் பாதை. கீழே அது முடியும் இடத்தில் நீளமாக ஒரு தகரக் கூரை.

அந்தக் கூரையை எனக்குத் தெரியும். என் முதல் நியமனம் அந்தப் பாடசாலைக்குத்தான்.

கிழக்கிலிருந்து எத்தனை பேர் அப்படி மலைக்குப் போனோம் என்று உங்களுக்குத் தெரியும். நானும் ஒரு பெட்டியோடும் உம்மா தந்த போர்வையோடும் போய் இறங்கினேன். குளிர், தனிமை, சாப்பாட்டுக் கஷ்டம். போன முதல் வாரமே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். கணக்குப் படிப்பிக்க நான் ஒருவன்தான். 2003 செப்டெம்பரில் ஒருவரின் கடிதத்தோடு மாற்றம் கிடைத்தது. டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை. வெள்ளிக்கிழமை வகுப்பில் அட்சரகணிதத்தைப் பாதியில் நிறுத்தி, "மிச்சத்தைத் திங்கள் பார்ப்போம்" என்று சொன்னேன். திங்கள் நான் கல்முனையில் இருந்தேன். போகிறேன் என்று சொல்லும் தைரியம்கூட எனக்கு இருக்கவில்லை.

அந்த வகுப்பில் இருந்த ஒருவர் இப்போது நோர்வூட் பக்கம் திரீவீல் ஓடுகிறார். வெள்ளைக்காரர் வந்தால் வழிகாட்டவும் போவார். 22 கட்டமாகப் பிரித்து ஹந்தானையிலிருந்து பீதுரு வரை போட்டிருக்கும் பீக்கோ நடைபாதை கொட்டகலையிலிருந்து நோர்வூட்டுக்கும், அங்கிருந்து பொகவந்தலாவைக்கும் போகிறது. அதனால் அவருக்கு வேலை கிடைக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஃபேஸ்புக்கில் என்னைக் கண்டுபிடித்தவர். பாதை விசாரிக்க அவரையே எடுத்தேன்.

மகன் சொன்ன பாதையைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "அது நாங்க ஸ்கூலுக்கு வந்த பாதை சேர். மழைக்கு வழுக்கும். செருப்பக் கையில புடிச்சிக்கிட்டுதான் எறங்குவோம். சைக்கிளு வேணாம் சேர், தம்பிய நடந்து வரச் சொல்லுங்க."

காலையில் பிந்தி வரும் பிள்ளைகளை நான் வாசலில் நிற்பாட்டி வைத்த நாட்கள் உண்டு. அவர்கள் எந்த வழியால் வருகிறார்கள் என்று ஒரு நாளாவது ஏறிப் பார்த்ததில்லை.

நானாகவே கேட்டேன், நான் போன பிறகு கணக்குக்கு யார் வந்தது என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "யாரும் வரல சேர். அத விடுங்க. எங்க கிளாஸ்ல ரெண்டு பேருதான் கணக்கு பாஸ். எனக்கு வரல." கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மாப்புக் கேட்டேன். அதற்கும் "விடுங்க சேர்" என்றார்.

ஃபோனை வைக்கும் நேரத்தில் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். "சேர், மக இந்தவாட்டி ஓ லெவல். வாரதுதான் வாறீங்க, பின்னேரத்துல ஒரு மணித்தியாலம் கணக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

திட்டம் மாறிவிட்டது. காலையில் மட்டும் சைக்கிள். எப்படியும் பின்னேரம் மழைதானே. இரண்டாம், மூன்றாம் நாள் பின்னேரம் அவர் வீட்டில் வகுப்பு. லயத்தில் இன்னும் ஐந்தாறு பிள்ளைகள் வருவார்களாம். ஊருக்கு வந்த பிறகு வெள்ளி இரவுகளில் ஸூம் மூலம் பரீட்சை வரை தொடர்வதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பின்னேரத்தில் 2003 ஆம் ஆண்டின் கடன் தீராது என்பது எனக்குத் தெரியும். இந்த முறை பாதியில் விடாமல் இருந்தாலே பெரிய காரியம்.

மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் முகத்தைத் தூக்கினான். பிறகு கேட்டான், "அப்ப அந்தப் பாதையில சைக்கிளத் தள்ளிக்கிட்டு மேல ஏறலாமா வாப்பா?" ஏறுவோம் என்றேன்.

மலைக்கு நியமனம் கிடைத்து, இடமாற்றத்துக்கு ஓடித் திரியும் எங்கள் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தை விட்டு இருப்பது லேசில்லை, நானும் அனுபவித்தவன். மாற்றம் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் இருக்கும் சாதாரண தர வகுப்பை முடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். முடியாவிட்டால், போகிறேன் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாவது வாருங்கள்.

கடைசியாக, தமிழ் மொழிமூலம் பத்தாம், பதினோராம் ஆண்டுக் கணிதப் பயிற்சிப் புத்தகங்கள், பழைய வினாத்தாள்கள் யாரிடமாவது சும்மா கிடந்தால் தாருங்கள். லொறியில் இடம் இருக்கிறது. கைப்பம்பு ஒன்றும் இரவலாகத் தேவை. இன்பொக்ஸில் சொல்லுங்கள், நானே சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.