தஞ்சை அரண்மனையில் நந்தியில்லாத சிவன்!

தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். அடுத்த முறை ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருக்கும் அரண்மனைக்குள் 1951-ல் தொடங்கப்பட்ட கலைக்கூடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் விரிவாக்கிய அரண்மனை இது. தடித்த தூண்கள், உயர்ந்த வளைவுகள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. ஒரு காலத்தில் ராஜாக்கள் நடமாடிய மண்டபங்களில் இப்போது சோழர் காலக் கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் குடியிருக்கின்றன.

அம்மாவுடன் போயிருந்தேன். ரிஷபவாகனர் முன்னால் வந்ததும் அம்மா நின்றுவிட்டார். சடையைப் பாம்புகளோடு தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை இன்னொன்றின் முன்னால் மாற்றி வைத்து, ஒய்யாரமாக நிற்கிறார் சிவன். ஒரு கை மட்டும் எதன்மேலோ சாய்ந்திருப்பது போல நீண்டிருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை!

“நந்தி எங்கப்பா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி.

சீர்காழி அருகேயுள்ள திருவெண்காட்டுக் கோயிலுக்காக, முதலாம் ராஜராஜன் காலத்தில், 1011-ல் உருவானவர் இவர். மறு ஆண்டு அம்பிகையும் வந்து சேர்ந்தார். பின்னர் எத்தனையோ காலம் மண்ணுக்குள் மறைந்திருந்து, கடந்த நூற்றாண்டில்தான் வெளியே வந்தார்கள். நந்தி மட்டும் கிடைக்கவில்லை.

இனிமேல் ஒன்று செய்து வைக்கவும் முடியாது. மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது சோழர் முறை. ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஓர் அச்சுக்கு ஒரே சிலை. போனால் போனதுதான்.

ஆனால், இல்லாத அந்த நந்தியை நாம் பார்த்துவிடுகிறோம். அந்தக் கையின் வளைவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. “இந்த உயரத்துக்கு இருந்திருக்கும்” என்று தன் தோள் அருகே கையை வைத்துக் காட்டினாள் அந்தச் சிறுமி.

இங்கே தீபாராதனை கிடையாது, மணியோசை கிடையாது. பூ வைக்கவும் ஆளில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்களை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார்.