சேறும் சாட்சியமும்

வவுனியா கடற்கரை இல்லாத மாவட்டம். அதன்கண் உள்ள நெளுக்குளத்திற் பிறந்து வளர்ந்த எனக்கு, வண்டல் என்னுஞ் சொல் நெடுங்காலம் வளத்தையே குறித்து நின்றது. கோடையிற் குளம் வற்றியதும் அதன் அடிமண்ணை அள்ளி வயலிற் பரப்புவதை, பசளையிடுவதற்கு ஒப்பான செயலாகவே எங்கள் ஊர் முதியோர் கருதினர். பல்கலைக்கழகத்திற் புவியியல் பயிலப் புகுந்த பின்னரே, அதே வண்டல் துறைமுகங்களிலும் கழிமுகங்களிலும் நஞ்சின் களஞ்சியமாகவும் அமையக்கூடும் என்பதை அறிந்தேன்.

இதன் காரணம் எளிதில் விளங்கத்தக்கது. ஆறு தான் கடந்துவரும் நிலத்தின் கழிவுகளையெல்லாம் சுமந்து வருகிறது. ஈயம், செம்பு, பாதரசம் முதலிய உலோகங்கள் நுண்ணிய களித்துணிக்கைகளில் ஒட்டிக்கொள்ளும் இயல்பின. நன்னீரும் உவர்நீரும் கலக்குமிடத்தில் அத்துணிக்கைகள் ஒன்றோடொன்று திரண்டு அடியிற் படிகின்றன. வவுனியா மாவட்டத்தில் ஊற்றெடுக்கும் கனகராயன் ஆறு, இரணைமடுக் குளத்தை நிறைத்துச் சுண்டிக்குளக் கடல்நீரேரியை அடைகிறது. ஆதலின், கரையோரத்துச் சேற்றின் நலத்தில் உள்நாட்டவர்க்கும் பங்குண்டு எனலாம்.

சேற்றில் உறையும் நஞ்சின் கொடுமையை உலகுக்கு உணர்த்தியது யப்பானின் மினமாட்டா விரிகுடாவாகும். அங்கு சிசோ நிறுவனத்தின் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை வெளியேற்றிய பாதரசக் கழிவு மீனிலும் சிப்பியிலும் சேர்ந்து, அவற்றை உண்டோரின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. நோய் கண்டறியப்பட்டது 1956 இல். சேற்றை அகற்றும் பணியோ 1977 இல் தொடங்கி 1990 வரை நீடித்தது. பத்து இலட்சத்தில் 25 பங்குக்கு மேற் பாதரசங் கொண்ட சேறு அகற்றற்குரியதென வரையறுக்கப்பட்டது. ஏறத்தாழ 15 இலட்சம் கன மீற்றர் சேறு கையாளப்பட்டு, 58 ஹெக்டேயர் நிலம் புதிதாக உருவாயிற்று.

அவ்வாறாயின், மாசுபட்ட சேற்றையெல்லாம் தோண்டி எறிந்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அதுவும் அத்துணை எளிதன்று. ஒட்சிசன் இல்லாத ஆழ்சேற்றிற் பல உலோகங்கள் கந்தகத்தோடு பிணைந்து அடங்கிக் கிடக்கின்றன. தோண்டுங்கால் அப்பிணைப்பு அவிழ்ந்து, அவை மீண்டும் நீரிற் கலக்கலாம். நஞ்சு இருத்தல் ஒன்று. அது உயிருக்கு எட்டுதல் வேறொன்று. இதனாலேயே, 1985 இல் எட்வர்ட் லோங், பீற்றர் சப்மன் ஆகிய ஆய்வாளர் அமெரிக்காவின் பியூஜெற் சவுண்ட் நீர்ப்பரப்பை ஆராய்ந்து, மூவகைச் சான்றுகளை ஒருங்கே நோக்கும் முறையை முன்வைத்தனர். சேற்றின் இரசாயனம் யாது, அதில் இடப்பட்ட சிற்றுயிர் பிழைக்கிறதா, அவ்விடத்தே இயல்பாக வாழும் புழுவும் சிப்பியும் எந்நிலையில் உள்ளன என்பனவே அம்மூன்று. ஒரு சாட்சியின் சொல்லை மட்டுங் கேட்டு எந்த நீதிமன்றமும் எளிதில் தீர்ப்பளிப்பதில்லையன்றோ!

நிற்க. 2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பாற் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியது. அது ஏற்றிவந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளிற் பெருந்தொகை கடலிற் கொட்டுண்டு கரைமணலிலும் புதைந்தது. மேற்குக் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அந்நாள்களில், தொலைவிலிருந்த எங்கள் வீட்டிலும் அம்மா கடல்மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார். சைக்கிளில் மீன்பெட்டியோடு வந்தவர், "இது முல்லைத்தீவு மீன், அக்கா" என்று எவ்வளவோ சொல்லியும் பயனில்லை. அவர் சொன்னது மெய்யாயினும், அதற்குச் சான்று காட்ட அவரிடம் ஒன்றுமில்லை.

மினமாட்டாவில் தீங்கை மறுத்த காலத்தில் உண்டவர் அழிந்தனர். இங்கு தீங்கை அளந்து கூறுவாரின்மையால் விற்றவர் வாடினர். இரண்டிலும் இழப்பு ஏழை மீனவர்க்கே. ஆகவே, சேற்றை மதிப்பிடுதல் ஆய்வுகூடத்தோடு முடியும் பணியன்று. நாளும் மூன்று வேளை மீனுண்ணும் கரையோரக் குழந்தையை அளவாகக் கொள்வதா, வாரத்தில் ஒருமுறை உண்ணும் நகரத்தவரை அளவாகக் கொள்வதா? இவ்வினாவுக்கு இரசாயனம் மட்டும் விடையளிக்காது. இவ்விடத்துக் கலைப்பீட மாணவர்க்கும் கடமையுண்டு. வலையிழுப்போரிடம் சென்று அவர்தம் உணவையும் தொழிலையும் கேட்டறிந்து, அந்தக் கணக்கையும் மற்றைய மூன்று சான்றுகளோடு சேர்த்து வைத்தல் வேண்டும்.