எழுபது வளைவுக்கு மேலே ஐந்து கோழி

கொல்லிமலை என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 70 கொண்டை ஊசி வளைவும் ஆகாய கங்கை அருவியும்தான். (பைக்கில் போய் வந்தவர்களிடம் மாட்டிக்கொண்டால் அரை நாளைக்கு வளைவுக் கதையே ஓடும்!) கோழி வைத்தியம் பார்க்கும் டாக்டர்களிடம் கேட்டுப் பாருங்கள், வேறு கணக்கு சொல்வார்கள். கீழே நாமக்கல்லைச் சுற்றிப் பண்ணைகளில் கோடிக்கணக்கில் முட்டைக்கோழிகள். மேலே ஒரு வீட்டுக்கு ஐந்தாறு நாட்டுக்கோழி. இரண்டு இடத்திலும் கொல்லும் நோய் ஒன்றுதான். வெள்ளைக்கழிச்சல்.

ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். 1920களில் வடக்கே இமயமலை அடிவாரத்து ராணிகேத்தில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். 1940களிலேயே முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்குத் தடுப்பூசி தயாராகிவிட்டது. எண்பது வருடமாக மருந்து இருக்கிறது, ஊரில் கோழி இன்னும் சாகிறது. ஏன்? விடை வைத்தியத்தில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் தொடங்கியது. 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வந்தது, இந்தியாவிலேயே இந்தத் துறைக்கான முதல் பல்கலைக்கழகம். பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. முடித்தவர்கள் எல்லோரும் அரசு கால்நடை மருந்தகத்தில் போய் உட்கார்வதில்லை. குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை, தடுப்பூசி கம்பெனி, மருந்து கம்பெனி என்று பிரிந்து போகிறார்கள். கம்பெனிகளில் 'டெக்னிக்கல் சர்வீஸ்' என்று ஒரு வேலை உண்டு. பண்ணையில் திடீரென்று சாவு கூடினால் போன் வரும். டாக்டர் போவார், செத்த கோழியை அறுத்துப் பார்ப்பார், இரைப்பையில் ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று தேடுவார், தண்ணீரையும் தீவனத்தையும் சோதிக்கச் சொல்வார். சும்மா சொல்லக்கூடாது, கஷ்டமான வேலை. அந்த ஆலோசனைக்குப் பெரும்பாலும் பில் கிடையாது. பில் வருவது மருந்துக்கு.

காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஆலோசனை இலவசம், மருந்துக்குத்தான் காசு என்றால், 'மருந்தே வேண்டாம்' என்ற ஆலோசனைக்கு யார் சம்பளம் கொடுப்பது?

இது வெட்டிக் கேள்வி இல்லை. கொலிஸ்டின் என்று ஒரு ஆன்டிபயாடிக். மனிதர்களுக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது. அதைக் கோழி சீக்கிரம் வளரட்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைக் கொடுக்க மத்திய அரசு தடை போட்டது. தடைக்கு முந்தைய நாள் வரை விற்பனை இலக்கு ஒரு பக்கம், படித்த படிப்பு ஒரு பக்கம் என்று நின்ற டாக்டர் எத்தனை பேரோ!

மலைக்கு வருவோம். பண்ணைக்கென்று தயாராகும் ராணிக்கெட் தடுப்பு மருந்து சின்ன பாட்டிலில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் டோஸாக வருகிறது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கலக்கிவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்தாயிரம் கோழி உள்ள ஷெட்டுக்கு இது கச்சிதம், ஒரு கோழிக்குச் செலவு சில்லறைதான். ஐந்து கோழி வைத்திருக்கும் மலையாளி வீட்டுக்கோ? பாட்டிலைத் திறந்தால் மீதி அத்தனையும் வீண். பக்கத்து வீடு ஒரு மேடு ஏறி ஒரு பள்ளம் இறங்கிப் போகணும், அதற்குள் ஐஸ் உருகிவிடும். ஐந்து கோழிக்காக எந்த விற்பனைப் பிரதிநிதி 70 வளைவு ஏறுவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, டீசல் காசுகூடத் தேறாது.

இதற்கும் மூளையைக் கசக்கியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஐ-2 என்ற, வெப்பத்தை ஓரளவு தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் ஊர்க்காரர்களே பழகி, வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள். நம் கால்நடைப் பல்கலைக்கழகமும் டி58 என்ற வகையை வைத்து, கோழி கொத்தித் தின்னும் குருணையாகவே தடுப்பு மருந்து செய்தது. ஊசி வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். படித்த படிப்பு இப்படியும் பயன்படும். இரண்டுமே பல்கலைக்கழகத்தில் பிறந்தவை என்பதைக் கவனியுங்கள். ஐந்து கோழிக்காரரை வாடிக்கையாளராக நினைத்து ஒரு கம்பெனி உட்கார்ந்து யோசிப்பது அபூர்வம்.

அதுவரை மலைக்கு அரசின் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்தான் கதி. பொதுவாக பிப்ரவரி வாக்கில் இரண்டு வாரம், இலவசமாக நடக்கும். அதிலும் ஒரு சிக்கல், விடிந்து கூண்டைத் திறந்துவிட்டால் நாட்டுக்கோழி கைக்குச் சிக்காது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அது இறங்கி ஓடுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். கொல்லிமலைப் பனியில், காலை ஐந்தரை மணிக்கு.