காதுக்குள் ஒரு கடலை

ஐப்பசி, கார்த்திகை அடைமழை விட்டதும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். திண்ணைக்குக் கீழே படுத்திருக்கும் நாய் தலையைப் படபடவென்று உதறும். பின்னங்காலால் காதைப் பறண்டும். காதைத் தரையில் வைத்துத் தேய்க்கும். கிட்டே போனால் ஒரு புளித்த வாடை. "மழையில நனைஞ்சுது, அதான்" என்று அப்பத்தா சொல்லிவிடுவார். அத்தோடு விஷயம் முடிந்தது.

ஆனால் நாய்க்கு முடிவதில்லை. பத்து நாள் கழித்து, பிள்ளைகள் தலையைத் தடவினால்கூட உறுமும். ஒருநாள் கடித்தும் வைக்கும். அப்புறம் என்ன... "வெறி பிடிச்சிருச்சு" என்று சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிடுவார்கள். (நாய் கடித்தால் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கடித்ததற்குக் காரணம் காதுவலியாகவும் இருக்கலாம், இல்லையா?)

இந்த வலிக்குப் பின்னால் பல சமயம் இருப்பது ஒரு ஈஸ்ட். பெயர் மலசீசியா பேக்கிடெர்மாடிஸ். பேக்கிடெர்ம் என்றால் தடித்த தோல் கொண்ட மிருகம். நாய்க்கு வரும் கிருமிக்கு ஏன் இந்தப் பெயர்? 1925இல் வெய்ட்மன் என்பவர் இதை முதலில் கண்டெடுத்தது, தோல் வியாதி வந்த ஒரு இந்தியக் காண்டாமிருகத்திடம்! மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆலங்குடிப் பக்கம் விளையும் நிலக்கடலை மாதிரியே இருக்கும், நடுவில் இடுப்பு சிறுத்து.

இது வெளியிலிருந்து புகுந்த திருடன் இல்லை. நல்ல ஆரோக்கியமான நாயின் காதிலும் கொஞ்சம் குடியிருக்கும். சூழ்நிலை மாறினால்தான் வம்பு. நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்பும். கண்மாயில் குளித்த தண்ணீர் அந்த வளைவில் தங்கும். லேப்ரடார் மாதிரி தொங்கும் காது என்றால் காற்றும் போகாது. ஈரம், சூடு, குறும்பி... ஈஸ்டுக்கு வேறென்ன வேண்டும்? இதையெல்லாம்விடப் பெரிய காரணம் தோல் அலர்ஜி. தெள்ளுப்பூச்சி, தூசி, சில சமயம் சாப்பாடு. நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம்.

வீட்டு வைத்தியம்தான் அடுத்த ஆபத்து. காய்ச்சிய எண்ணெய், மஞ்சள் தண்ணீர், போன தடவை மிச்சமான சொட்டு மருந்து என்று கையில் கிடைத்ததை ஊற்றுவார்கள். பட்ஸ் போட்டுக் குடைந்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே பாதிக்கும். சும்மா விட்டாலும் கஷ்டம்: உதறி உதறி காது மடலுக்குள் ரத்தம் கட்டி பலூன் மாதிரி வீங்கிவிடும்.

டாக்டர் செய்வது எளிது. காதுக்குள் பார்த்து, கொஞ்சம் அழுக்கை எடுத்து ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்ப்பார். ஈஸ்டா, பாக்டீரியாவா, காதில் வரும் சிறு பூச்சியா என்று அப்போதுதான் தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு. ஈஸ்ட் என்றால் காதைச் சுத்தம் செய்து, க்ளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் கலந்த சொட்டு மருந்து கொடுப்பார். நாற்றம் போனதும் நிறுத்தக்கூடாது. சொன்ன நாள் வரைக்கும் விட்டு, மறுபடி காட்ட வேண்டும்.

காமர்ஸ் கணக்கில் சொன்னால், சொட்டு மருந்து என்பது கட்டும் வட்டி. அலர்ஜிதான் அசல். அசலைக் கவனிக்காமல் வட்டியை மட்டும் கட்டினால் அடுத்த மழைக்கு அதே நாய், அதே காது, அதே நாற்றம்.

எனவே மணியோ, டைகரோ, ஜிம்மியோ... தலையை உதறினால் முதலில் காது மடலை மெதுவாகத் தூக்கி முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சிக்கலான கேஸ் என்றால் பக்கத்தில் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மாட்டாஸ்பத்திரி என்பது பேச்சில்தான். அங்கே நாயையும் பார்ப்பார்கள்!