காசில் ஏறிய கடவுளர்

நைல் ஆற்றுக்கு முகம் உண்டு; முகத்திலே தாடியும் உண்டு! எகிப்து உரோமப் பேரரசின் மாகாணமாய் அடங்கிக் கிடந்த நாளில், அலெக்சாந்திரியாவில் அடித்த காசுகளில் அந்த ஆறு நாணல் ஏந்தி, ஒருக்களித்துச் சாய்ந்திருக்கிறது. சிலவற்றில் அருகே 16 என்னும் எண். 16 முழம் நீர் ஏறினால் விளைச்சலுக்குக் குறைவில்லை. கண்டறிந்தவன் மனிதன், அளந்து பார்த்தவன் மனிதன். காசில் ஏறி அமர்ந்தவரோ கடவுள்!

சிரிக்கிறாயா, தோழா? சற்றே பொறு. குடகு மலையில் பெய்த மழை காவிரியாயிற்று என்று சொன்னால் நம்மவருக்கு இனிப்பதில்லை. குறுமுனிவனின் கமண்டலம் கவிழ்ந்தால்தான் இனிக்கிறது.

பிரிஜியாவில் அபாமியா என்றோர் ஊர். 'பெட்டி' என்னும் பொருளுடைய பட்டப்பெயர் அதற்கு இருந்தது. யூதரின் ஊழி வெள்ளக் கதையில் வரும் நோவாவின் பேழைக்கும் கிரேக்கத்தில் அதே சொல். போதாதா? செப்டிமியஸ் செவரஸ் (193–211) காலத்துக் காசில், பெட்டிக்குள் நோவாவும் மனைவியும் நிற்க, பெயரையும் பொறித்து, பேழை தங்கியது எங்கள் மலையிலே என்றனர். பெயர் கிடைத்தால் புராணம் பிறக்கும். தலபுராணம் படித்த நமக்கு இது புதிதா?

அந்த மாகாணச் செப்புக்காசுகள் பெரும்பாலும் அவ்வவ் வட்டாரத்தில் செல்லுபடியானவை. மிளகுக்கும் முத்துக்கும் மாற்றாக இங்கே வந்து குவிந்தவை பேரரசின் பொன்னும் வெள்ளியும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் உரோமக் காசுகளைக் கண்டோம். நம் மண்ணில் மிகுதியாய்க் கிடைக்கும் வெள்ளிக்காசுகளில் தைபீரியஸ் தன்னைத் 'தெய்வ அகஸ்டசின் மகன்' என்று எழுதிக்கொள்கிறான். அப்பனைத் தெய்வமாக்கினால் மகனுக்கு ஆதாயம்!

அந்தத் தெய்வ மகன்களுக்கு இங்கே கிடைத்த மரியாதை என்ன? 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காகுறிச்சியில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது உளி வெட்டு! இனி இது நாணயமன்று, பொன்னாய் நிறுத்துக் கொள்க என்பதற்கு இட்ட அடையாளம் என்பது ஆய்வாளர் சிலர் கருத்து. நமக்கும் அதுவே பொருந்தித் தோன்றுகிறது. தெய்வப் பட்டத்துக்காக ஒரு குன்றிமணி எடை கூட்டித் தரவில்லை அந்த வணிகன். தராசுத் தட்டில் ஏறினால் தெய்வமும் உலோகந்தானே!

புகார் அத்தகைய வணிகரின் நகரம். தாலமி தன் நூலில் 'கபேரிஸ்' என்று குறித்த துறைமுகம் இதுவே. சுங்கம் கொண்ட மூட்டைக்குப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழரின் சதுரச் செப்புக்காசிலும் வாலுயர்த்தி நிற்கிறது அதே புலி. எண்ணி, நிறுத்து, முத்திரையிட்டு வாழ்ந்த ஊர். அந்த ஊரின் முடிவுக்கு மட்டும் கணக்கு வேண்டாம், கதை போதும் என்று விட்டுவிட்டோம்! இந்திரவிழாவை மறந்தான் சோழன், ஆகவே கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. காப்பியத்தின் சுவையைக் குறை சொல்லவில்லை நாம்; அதை வரலாறாக ஒப்புவிக்கும் வாயைத்தான் கேட்கிறோம்.

1960-களில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கீழையூரில் செங்கற் படகுத்துறை வெளிப்பட்டது. கடற்கரையிலோ, அலை வந்து மீளும் இடத்தில் சுடுமண் உறைகிணறுகள் காணப்பட்டன. அலைக்குள் நன்னீர்க் கிணறு தோண்டுவான் எவன்? அன்று கரை தொலைவில் இருந்தது. கடல் அரித்து அரித்து முன்னேறியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று இதே கரையில் ஆழிப்பேரலை ஏறியது. வானகிரி மீனவர் எந்த விழாவை மறந்தனர்? சுமத்திராவை அடுத்த கடலடியில் தரை பிளந்தது.