பின்னிருக்கை

மோட்டார் சைக்கிளில் ஆணும் பெண்ணும் போகும் காட்சியைத் தமிழ் சினிமா எத்தனையோ தடவை காட்டிவிட்டது. காமிரா வண்டிக்கு முன்னால், சற்றுத் தாழ்ந்த உயரத்தில், பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டு முகங்களும் ஒரே சட்டத்துக்குள் தெரியும். அவன் சிரிப்பான், அவள் அவன் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு சிரிப்பாள். இந்தப் பார்வை வண்டியில் இருக்கும் இருவரில் ஒருவருக்கும் சொந்தமானதல்ல. ஓட்டுகிறவனுக்கு அவள் முகம் தெரியாது. அவளுக்கு அவன் முகம் தெரியாது. இருவரும் நெருக்கமானவர்கள் என்று தீர்மானிப்பது மூன்றாவது ஆள், அதாவது டிக்கெட் வாங்கியவன். நம் காதல் கதைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது ஆளின் வசதிக்காகவே எழுதப்பட்டவை என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அதை இங்கே நிரூபிக்கப்போவதில்லை. பின்னிருக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

2014இலிருந்து நானும் என் மனைவியும் ஒரே வண்டியில் நீண்ட தூரம் போய்க்கொண்டிருக்கிறோம். ஹம்பி வரை, ராஜமுந்திரியில் கோதாவரி வரை போயிருக்கிறோம். அதிகமும் போனது சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு. ஏறத்தாழ 700 கிலோமீட்டர். எங்களுக்கு இரண்டு பகல். வண்டி 1986இல் திருவொற்றியூரில் செய்யப்பட்ட 350 சிசி புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அம்மீட்டர் முள்ளைக் கவனித்துக்கொண்டு டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டனை அதன் இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் உதைக்கவேண்டும். பலத்தால் ஆகிற காரியமில்லை. ஒரே சிலிண்டர். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தடவை வெடிக்கும். அந்த வெடிப்பு இருவருடைய முதுகெலும்பிலும் ஒரே சமயத்தில் விழுகிறது. பகிர்ந்துகொள்வது என்று நாம் தளர்வாகச் சொல்லும் வார்த்தைக்கு இவ்வளவு ஸ்தூலமான அர்த்தம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

பேச்சு கிடையாது. ஹெல்மெட்டும் காற்றும் சேர்ந்து பேச்சை ஒழித்துவிடும். முதல் சில பயணங்களில் இரண்டு பேரும் கத்திப்பார்த்தோம். "என்ன?" என்ற வார்த்தை மட்டும் இங்குமங்கும் போய்வந்தது. பிறகு விட்டுவிட்டோம். இடது தோளில் ஒரு தட்டு என்றால் எங்காவது நிறுத்து. இரண்டு தட்டு என்றால் வேகம் அதிகம். முழங்காலால் விலாவில் ஒரு அழுத்து அழுத்தினால், தூங்கிவிடவில்லை என்று அர்த்தம். இந்த மூன்று சைகைகளோடு ஒரு நாளில் எட்டு மணி நேரம் சேர்ந்திருக்க முடிகிறது. வீட்டில் எங்களால் இவ்வளவு குறைவான சொற்களில் சமாளிக்க முடிந்ததில்லை.

சைகைகளுக்கு அப்பால் இன்னொன்று இருக்கிறது. பின்னால் இருப்பவர் தலையைத் திருப்பினால் முன்னால் இருப்பவருக்குத் தெரியும். கண்ணுக்கல்ல, கைப்பிடிக்கு. எடை இடம் மாறுகிறது. வண்டி ஒரு விரற்கடை அந்தப் பக்கம் சாய்கிறது. கை தானாகவே சரிசெய்துகொள்கிறது. மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று அவள் பார்த்தது, விராலிமலைக்குப் பக்கத்தில் சாலையோரம் மயில் நின்றதைப் பார்த்தது, எல்லாம் எனக்கு இப்படித்தான் தெரிந்தது. அவள் எதைப் பார்க்கிறாள் என்பது தெரியாது. பார்க்கிறாள் என்பது தெரியும். ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு இதற்குமேல் தெரியவேண்டுமா என்று சில சமயம் தோன்றியிருக்கிறது.

பின்னிருக்கையைப் பற்றிச் சட்டமும் யோசித்திருக்கிறது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்கவேண்டும் என்கிறது. அதோடு, அவருடைய உடை சிக்கிக்கொள்ளாதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடியிருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. சேலை என்ற வார்த்தை அதில் இல்லை. ஆனால் எழுதியவர் மனத்தில் ஒரு சேலை பறந்துகொண்டிருந்தது நிச்சயம். ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தால் எடை நடுவில் இராது; ஓட்டுகிறவன் ஓயாமல் மறுபக்கம் இழுத்துக்கொண்டே போகவேண்டும். மார்க்கெட்டுக்குப் போய்வரலாம், மதுரைக்குப் போக முடியாது. அவள் முதல் நாளே இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தாள். அதைத் திரும்பிப் பார்த்த ஊர்கள் உண்டு.

நாங்கள் ஏன் இப்படிச் சுற்றுகிறோம் என்று நண்பர்கள் கேட்பார்கள். சாகசம் என்று நினைக்கிறார்கள். காரணம் எளியது. எங்களுக்குப் போவதற்கு வீடு இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சென்னையே காலியாகும்போது, ஊருக்குப் போகாதவர்கள் என்ன செய்வது? நாங்கள் வெவ்வேறு ஜாதி. 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்துகொண்டோம். அந்தச் சட்டப்படி உங்கள் உத்தேசத்தை அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். ஆட்சேபணை சொல்ல உலகத்துக்கு முப்பது நாள் அவகாசம். பெயர், வயது, விலாசம் எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும். அந்த முப்பது நாட்களும் நாங்கள் தினமும் வேறு வேறு வழியாக வேலைக்குப் போய்வந்தோம். 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவி காயங்களோடு பிழைத்தார். வந்தவர்கள் வந்தது மோட்டார் சைக்கிளில். கடைத்தெருக் காமிராவில் பதிவானதை நாடே பார்த்தது. அந்த வாரம் நான் வண்டியை வெளியே எடுக்கவில்லை. பயம் ஒரு காரணம். அந்த யந்திரத்தின்மேல் ஏற்பட்ட கூச்சம் இன்னொன்று.

டீக்கடைகளில் கேட்பார்கள்: "எந்தூரு உங்களுக்கு?" பிரியமாகத்தான் கேட்பார்கள். மெட்ராஸ் என்போம். "அது சரி, சொந்த ஊரு?" ஊரைச் சொன்னால் அடுத்தது தெரு. தெருவைச் சொன்னால் அப்பா பெயர். மூன்றாவது கேள்விக்குள் ஜாதி தெரிந்துவிடும். கேட்பவர் ஜாதியைப் பற்றி வாய் திறந்திருக்கவே மாட்டார். லாட்ஜ் நோட்டில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கும். அடையாள அட்டைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குத் தெரியுமா?" என்று முப்பது வயதைத் தாண்டிய எங்களைக் கேட்டவரும் உண்டு. ஹெல்மெட் உயிரைக் காப்பதற்கு என்கிறார்கள். எங்கள் விஷயத்தில் அது இரண்டு விதத்தில் உண்மை.

நம் எழுத்தாளர்களோடு எனக்கு ஒரு வழக்கு இதில்தான். நாற்கரச் சாலை வந்ததிலிருந்து, புறவழிச்சாலைகள் ஊர்களைக் கொன்றுவிட்டன என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். திண்டிவனம், விழுப்புரம், கோவில்பட்டி, திருநெல்வேலி எல்லாம் இப்போது ஒரு பச்சைப் பலகையில் ஓர் அம்புக்குறி மாத்திரம். கடைத்தெரு இல்லை, தேர்முட்டி இல்லை, மல்லிகைப்பூ வாசனை இல்லை. உண்மைதான். ஆனால் ஊர் என்று உருகுகிறவர்களுக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது. அந்த வீடு ஒரு தெருவில் இருந்தது. அந்தத் தெரு யாரை உள்ளே விடும் என்பது அவர்களுடைய ஏக்கத்தில் வருவதே இல்லை. நான் புறவழிச்சாலையை நேசிக்கிறேன். அழகில்லாத சாலை அது. நடுவே அரளிச்செடி, இரண்டு பக்கமும் பொட்டல். சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது. ஓரத்துச் சந்து வழியாகப் போய்விடலாம். ரசீது இல்லை. யாரும் பெயர் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் என்னை யாரும் ஒன்றும் கேட்காத ஒரே இடம் அந்த ஓரச்சந்து. அதைப் பற்றி ஒரு கவிதைகூட நம்மிடம் இல்லை.

ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' 1974இல் வந்தது. நம்மில் பலர் அதைத் தத்துவ நூலாகவே படித்தோம். 'தரம்' என்பதன் இலக்கணம் பற்றி விவாதித்தோம். அது பின்னிருக்கையைப் பற்றிய புத்தகமும்கூட. 1968இல் மினியாபொலிஸிலிருந்து ஸான் பிரான்சிஸ்கோ வரை அவர் ஓட்டிப்போன ஹோண்டாவில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவர் மகன் கிறிஸ். தகப்பன் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குச் சிந்தித்துக்கொண்டே போகிறார். பையன் அந்த நேரமெல்லாம் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முடிவுக்கு அருகில், இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்ட பிறகு, பையன் கால்மிதியில் எழுந்து நின்று தகப்பன் தோளுக்கு மேலாக முதல்முறையாகச் சாலையைப் பார்க்கிறான். புத்தகத்தின் தத்துவம் எனக்குப் பாதி மறந்துவிட்டது. அவன் எழுந்து நின்றது மறக்கவில்லை. கிறிஸ் 1979இல் ஸான் பிரான்சிஸ்கோவில் கொல்லப்பட்டான். பிற்பாடு வந்த பதிப்பில் தகப்பன் அதைப் பற்றி ஒரு பின்னுரை எழுதிச் சேர்த்தார். சிந்திக்கிற முதுகுக்குப் பின்னால் இருப்பவர் என்ன பார்த்தார் என்பதை அவரே எழுதினால் அது வேறு புத்தகமாக இருந்திருக்கும். நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பதற்கும் இது பொருந்தும்.

ஆடி மாதத்தில் தெற்கே போகிறவர்களுக்குப் பணகுடி தாண்டியதும் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வந்து வலப்பக்கம் அறைகிறது. முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மா அல்ல. வண்டியை நிமிர்த்தி ஓட்ட முடியாது. காற்றின்மேல் சாய்ந்துகொண்டு, நேராகப் போகிற சாலையில் வளைவில் போவதுபோலப் போகவேண்டும். வலது பக்கமாக ஒரு லாரி முந்திப்போனால் காற்று ஒரு கணம் நின்றுவிடும். சாய்ந்த வண்டி லாரியை நோக்கி இழுபடும். அந்தக் கணத்தில் பின்னால் இருப்பவர் பயந்து நிமிர்ந்தாலோ மறுபக்கம் சாய்ந்தாலோ இரண்டு பேரும் கீழே. அவள் என்னோடு சாய்ந்தாள். இது நம்பிக்கை அல்ல. நம்பிக்கை என்றால் யோசிக்க நேரம் வேண்டும். இரண்டு உடம்புகள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு ஒரே விடைக்கு வந்தன, அவ்வளவுதான். காவல்கிணற்றில் இறங்கியபோது இருவருக்கும் கால்கள் நடுங்கின. எள்ளுருண்டை வாங்கித் தின்றோம்.

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் இடையே இடப்பக்கம் ஒரு கிளைச்சாலை பிரிகிறது. கரிசல் காட்டுக்குள் பதினோரு கிலோமீட்டர் போனால் அவள் ஊர். அந்த இடம் வரும்போது தோளில் தட்டு இராது, முழங்கால் அழுத்தாது. வண்டி மட்டும் ஒரு விரற்கடை இடப்பக்கம் போகும். திரும்பி வருகையில் அதே இடத்தில் வலப்பக்கம். ஒவ்வொரு தடவையும் நான் கைப்பிடியைச் சரிசெய்துகொண்டு அறுபதிலேயே ஓட்டினேன். கோவில்பட்டியில் இறங்கியதும் டீயும் கடலைமிட்டாயும். அவள் ஒன்றும் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அது வார்த்தையாகிப் போயிருக்கும்.

2021இல் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வலது கால் கியர் வேறு வண்டிகளில் பழகியவர்களைத்தான் குழப்பும். அவள் எதிலும் பழகியிருக்கவில்லை. 2023 ஜூலையில் மதுரையிலிருந்து அவள் ஓட்டினாள்; நான் பின்னால். எனக்குத் தெரிந்த சாலையே இல்லை அது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு முதுகு, ஹெல்மெட்டுக்குக் கீழே வியர்வையில் ஒட்டிய கொஞ்சம் தலைமயிர், பக்கவாட்டில் ஓடுகிற கரிசல். கண்ணாடிகள் அவள் உயரத்துக்குத் திருப்பப்பட்டிருந்தன. எனக்கு அவற்றில் ஆகாசம்தான் கிடைத்தது. கிளைச்சாலை வந்தது. பெயர்ப்பலகை, ஒரு வேப்பமரம், உள்ளே திரும்பிக்கொண்டிருந்த மினிபஸ். இவ்வளவு வருஷங்களில் நான் அதைச் சரியாகப் பார்த்ததே அன்றுதான். வண்டி இடப்பக்கம் லேசாக அசைந்தது.

"ஆடாம உக்காரு" என்று கத்தினாள். காற்றை மீறி அது தெளிவாகக் கேட்டது.

கோவில்பட்டிக் கடையில் பெரியவர் ஒருவர், பொம்பளை ஓட்டி வந்த புல்லட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் மெட்ராஸ் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் தன் ஊரின் பெயரைச் சொன்னாள். "அடடே, நம்ம பக்கந்தானா? அங்க எந்தத் தெரு?" என்றார் அவர். அவள் தெருவையும் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார். டீ சூடாக இருந்தது. குடித்து முடிக்கும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.