வீட்டுக்கு வந்த வசதியும் வாய்க்காலை விட்டுப் போன தண்ணீரும்

நான் பிறந்தது சேவூரில், தறி வீட்டில். வாழ்க்கைப்பட்டது படவேட்டில், கழனி வீட்டில். வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் கமண்டல நாகநதி எங்கள் ஊர்ப் பக்கமாக ஓடித்தான் ஆரணிக்குப் போகிறது. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே ஆறு.

சம்பந்தம் பேச வருகிறவர்கள், "ஊரில் என்னென்ன வசதி இருக்கிறது?" என்று கேட்பார்கள். இப்போது சொல்ல நிறையவே உண்டு. 1990 முதல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். வாசலில் குழாய், வீட்டில் காஸ் அடுப்பு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆரணிக்குப் போய் வர, கையில் காசு இருக்கிறதா என்று நான் இப்போது யோசிப்பதில்லை.

இந்த வசதிகள் எல்லாம் வீட்டுக்கு வீடு தனித்தனியாக வந்தவை. ஊராகச் சேர்ந்து பார்க்க வேண்டியதுதான் பின்தங்கிவிட்டது. அதில் முதலாவது ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாய்.

மாமனார் காலத்தில் எங்கள் கிணறு நாற்பது அடி. ஏரி நிறைந்தால் கிணற்றில் ஊற்று பொங்கும். அதனால் மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போய்க் கால்வாயைத் தூர் வாருவார்கள். குடிமராமத்து என்பது அதுதான். ஆளுக்கொரு போர் போட்ட பிறகு, 'ஏரி நிறைந்தால் நமக்கென்ன' என்றாகிவிட்டது. கால்வாயில் வேலிகாத்தான் முளைத்தது. செண்பகத்தோப்பில் அணை இருக்கிறது. ஆனால் கால்வாய் தூர்ந்து கிடந்தால், அணை நிறைந்தும் கடைசி ஏரிக்குத் தண்ணீர் சேராது.

இதில் முதலில் அடிபடுகிறவர் சின்ன விவசாயி. எங்கள் பக்கம் வாழை அதிகம். வாழை ஏறக்குறைய ஒரு வருஷப் பயிர், நடுவில் காய விட முடியாது. எங்கள் பக்கத்துக் கழனிக்காரருக்கு எழுபத்தைந்து சென்ட். சுற்றிலும் போர்கள் ஆழமாகப் போகப் போக, அவருடைய போர் வற்றிவிட்டது. இன்னும் முந்நூறு அடி இறக்கப் பணம் இல்லை. குலை தள்ளும் சமயத்தில் மரங்கள் காய்ந்தன. இன்று அவர் சென்னையில் கட்டட வேலையில் இருக்கிறார். அவர் வீட்டிலும் காஸ் இருக்கிறது, குழாய் இருக்கிறது. ஆள்தான் இல்லை.

தறி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பட்டுப் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டும்போது ஒரு வீட்டு ஆட்கள் போதாது. அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுப்பார்கள். இன்று எனக்கு, நாளை உனக்கு. தறி அவரவருடையது என்றாலும் தெரு பொதுவாக இருந்தால்தான் தொழில் நடக்கும். கழனிக்கும் கால்வாய்க்கும் உள்ள கணக்கும் இதேதான்.

செய்யக்கூடியது ஒன்றும் பெரிய காரியமில்லை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்குப் போய் வரத்துக்கால்வாயை அளக்கவும் தூர் வாரவும் தீர்மானம் கேளுங்கள். பேசியதோடு விடாமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஏரி வண்டலை வட்டாட்சியர் அனுமதி பெற்று இலவசமாக எடுத்துக் கழனியில் கொட்டலாம். ஏரியும் ஆழமாகும், மண்ணுக்கும் சத்து. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு. வாழை வைத்திருப்பவர்கள் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

பெண்களும் வர வேண்டும். குடும்பத்துக்குத் தண்ணீர்க் கணக்குப் பார்ப்பது நாம்தானே? உங்கள் ஊர்க் கால்வாயை யாராவது மீட்டிருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். எங்கள் ஊர் சபையில் அதை நான் படித்துக் காட்டுகிறேன்.